மெட்டு ஏறும் பெரிய பைக்: கம்பம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் பெரிய அட்வென்சர் பைக் வைத்திருந்தால், பெட்ரோல் பங்க்கில் நின்றாலும் டீக்கடையில் நின்றாலும் யாராவது பக்கத்தில் வந்து பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள். "என்ன சிசி? எவ்வளவு ஆச்சு? மலை ஏறுமா?" என்று தொடங்கும். பாதிப் பேருக்கு உண்மையிலேயே வாங்கும் எண்ணம் இருக்கிறது. நான் 2017இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 வாங்கினேன். 2021இல் அதை விற்றுவிட்டுப் பழைய 800 சிசி வண்டி ஒன்றை எடுத்தேன். பதினாலு மாதம் வைத்திருந்தேன். இப்போது கையில் இருப்பது ஹிமாலயன் 450. இந்த மூன்று வண்டிகளிலும் கேரள எல்லை மலைப்பாதைகளான குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இங்கே பதில் சொல்கிறேன்.

அட்வென்சர் பைக் என்றால் என்ன? சாதாரண பைக்கிலிருந்து எதில் வித்தியாசம்?

நல்ல தார் ரோட்டில் நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்கக் கூடாது, தார் முடிந்து சரளை தொடங்கினாலும் திரும்பி வரக் கூடாது. இந்த இரண்டுக்குமாகச் செய்த வண்டி. முன் சக்கரம் பெரிதாக இருக்கும், 19 அல்லது 21 அங்குலம். சஸ்பென்ஷன் நீளம், ஹேண்டில்பார் அகலம், டேங்க் பெரிது, நிமிர்ந்து உட்காரலாம். பெரிய எஞ்சினோடு இந்த வகையைத் தொடங்கி வைத்தது 1980இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ். அடுத்த ஆண்டே பாரிஸ் டக்கர் பந்தயத்தில் ஊபேர் ஓரியோல் அந்த வண்டியில்தான் ஜெயித்தார். நம் ஊரில் இந்த ஆசையைப் பரவலாக்கியது 2016இல் வந்த ஹிமாலயன்.

எத்தனை சிசி வாங்கலாம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கீழே விழுந்தால் தனியாளாகத் தூக்குவீர்களா?

2022 ஜூலையில், 800 சிசி வண்டி வைத்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கேரளப் பக்கம் சாந்தன்பாறை தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் போகும் ஒரு ஜீப் பாதை. சாரல் நின்று அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் ஜீப் சக்கரம் அறுத்த பள்ளம், நடுவில் புல் முளைத்த மேடு. இடது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு மாறலாம் என்று ஹேண்டிலைத் திருப்பினேன். முன் சக்கரம் மேட்டின் ஓரத்திலேயே வழுக்கியது. வேகம் பத்துகூட இல்லை, மெதுவாகத்தான் சாய்ந்தேன். ஆனால் சாய்ந்த பக்கம் இறக்கம். பெட்ரோல், பெட்டி எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்கு மேல். மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை பாதி எழுந்து, பூட்ஸ் வழுக்கி மறுபடியும் விழுந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, வேலை முடிந்து கம்பம் திரும்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. டிரைவரும் இரண்டு அக்காமார்களும் இறங்கிப் பிடித்துத்தான் வண்டி நிமிர்ந்தது. "இம்புட்டுக் கனத்த வண்டிய இங்க எதுக்குப்பா கொண்டாந்த?" என்று ஒரு அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

ஆகவே எனக்கு எடைதான் முதல் கணக்கு, குதிரைத்திறன் இரண்டாவது. ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ, 40 பிஎஸ் (குதிரைத்திறன்). ஹோண்டா என்எக்ஸ்500உம் அதே 196 கிலோதான், இரட்டை சிலிண்டர், 47 பிஎஸ்ஸுக்குச் சற்று மேல். அது தார் ரோட்டில் வெண்ணெய் மாதிரி ஓடும், கரடுமுரடுக்கு ஹிமாலயன் மேல். 2025இல் புதிதாக வந்த கேடிஎம் 390 அட்வென்சர் இவற்றைவிட இலகு, 399 சிசியில் 46 பிஎஸ். சுசுகி வி-ஸ்ட்ராம் 800 டிஇ 230 கிலோவைத் தாண்டும். பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ, 145 பிஎஸ்.

கம்பத்திலிருந்து மதுரை, பெங்களூரு, கோவா என்று நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடப்போகிறீர்கள், சரளை என்பது வருடத்துக்கு நாலு முறை என்றால் 650, 800 எடுங்கள். நூற்றுப்பத்தில் நாள் முழுக்கப் போனாலும் எஞ்சின் பதறாது. அந்தச் சுகம் 450இல் கிடையாது. வாரம்தோறும் மெட்டு ஏறி நெடுங்கண்டம், ராமக்கல்மேடு, வாகமண் பக்கம் சுற்றப்போகிறீர்கள் என்றால் 400, 450 போதும். போதும் என்பதைவிட, அங்கே அதுதான் நல்லது.

இன்னொன்று. பவர் எண்ணைப் பார்ப்பதுபோல, அது எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வருகிறது என்றும் பாருங்கள். பழைய 411க்கு 24 குதிரைதான். ஆனால் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே டிராக்டர் மாதிரி இழுக்கும். 450இல் இழுவை முழுசாக வர 5,500 ஆர்பிஎம் ஆக வேண்டும். கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் சோம்பலாகத் திரும்பிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் கொஞ்சம் சிரமம். முதல் கியருக்கு இறங்கத் தயங்காதீர்கள்.

"அண்ணே, நான் அஞ்சடி நாலு அங்குலம். கால் எட்டுமா?"

எட்டும் தம்பி, ஆனால் இரண்டு பாதமும் தட்டையாகப் பதியாது. பதிய வேண்டிய அவசியமும் இல்லை. 411இன் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். 450இல் 825, 845 என்று இரண்டு நிலையில் வைத்துக்கொள்ளலாம். பெரிய வண்டிகள் 850ஐத் தொடும். நிறுத்தும்போது இடது காலை மட்டும் முழுசாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைக்கப் பழகுங்கள். இதற்குப் பயந்து சஸ்பென்ஷனை இறக்கிக் கொடுக்கும் லிங்க் வாங்கிப் போடாதீர்கள். அடிப்பாகம் கல்லில் இடிக்கும், சைடு ஸ்டாண்டில் வண்டி சரியாகச் சாயாது. சீட் நுரையைக் கொஞ்சம் குறைத்துத் தைத்துக்கொண்டால் போதும்.

முன் சக்கரம் 19 அங்குலமா 21ஆ? டியூபா, டியூப்லெஸ்ஸா?

கல்லும் பள்ளமும் அதிகம் என்றால் 21. தார் அதிகம் என்றால் 19. டியூப் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: டியூப்லெஸ். டியூப் வண்டி பூப்பாறை இறக்கத்தில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பெயர்த்து, டியூபை உருவ வேண்டும். டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, பிளக் திணித்து, சின்ன பம்ப்பால் காற்றடித்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். அலாய் சக்கரம் கல்லில் மோதினால் விரிசல் விடும், ஸ்போக் வளைந்து கொடுக்கும் என்பது சரிதான். அதற்காகத்தான் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் வந்திருக்கிறது. ஹிமாலயன் 450க்கே அது கிடைக்கிறது. கூடுதல் பணம் கொடுத்தாலும் வாங்குங்கள்.

சரளையில் முன்பக்கம் அலைகிறது, பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

வண்டி அலையத்தான் செய்யும். உருளும் கல் மேல் போகும்போது முன் சக்கரம் தானாகவே தன் வழியைத் தேடிக்கொள்ளும். அதை இறுக்கிப் பிடித்தால்தான் விழுவோம். எழுந்து நில்லுங்கள். முழங்காலால் டேங்க்கைக் கவ்வுங்கள். கையில் பிடி, முட்டைக் கூடையைப் பிடிப்பதுபோல இருக்கட்டும். பார்வை முன் சக்கரத்துக்குக் கீழே போகவே கூடாது. இருபது முப்பது அடி முன்னால் பாருங்கள். எந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு போகிறீர்களோ அதில்தான் ஏறுவீர்கள்.

அப்புறம் காற்று. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கையில் ஒரு காற்றழுத்த மானி வைத்துக்கொள்ளுங்கள். சரளை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, வால்வு முள்ளை அழுத்திப் பிடித்து இரண்டு டயரிலும் ஏழெட்டு பிஎஸ்ஐ குறையுங்கள். முப்பத்திரண்டு இருந்தது இருபத்தைந்துக்கு வரட்டும். ஏறிப் பத்தடி போனதுமே தெரியும். சற்று முன்வரை ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் தட்டிக்கொண்டிருந்தது, இப்போது டயரே அதை விழுங்கிக்கொள்ளும். டியூப் வண்டியில் இவ்வளவு குறைக்கக் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். நாலைந்து போதும். தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்று நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெடும்.

சரளை இறக்கத்தில் முதல் கியர் அல்லது இரண்டாவது, கிளட்ச்சைத் தொடாமல் எஞ்சினே பிடித்துக்கொண்டு இறங்கட்டும். பின் பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள், முன் பிரேக்கை ஒரே விரலால். பின் சக்கர ஏபிஎஸ்ஸை (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) அணைக்கும் வசதி இருந்தால் செங்குத்தான சரளை இறக்கத்தில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும்போதெல்லாம் அது பிரேக்கை விடுவித்துக்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. முன் ஏபிஎஸ் எப்போதும் ஆனில் இருக்கட்டும்.

விழுந்த வண்டியை எப்படித் தூக்குவது?

முதலில் எஞ்சினை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இப்போதே கீழே இறக்கிவிடுங்கள், நிமிர்ந்ததும் இடது பக்கம் அதில் சாயப் பயன்படும். கியரில் போட்டு வைத்தால் வண்டி உருளாது. ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி சீட்டின் ஓரத்தில் ஒட்டி உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், மறு கை பின்பக்கக் கம்பியில். முதுகை நேராக வைத்து, கால் பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். குனிந்து கையால் இழுத்தால் இடுப்பு போய்விடும். வாங்குவதற்கு முன்பே, நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, புல்தரையில் இதே எடை வண்டியைச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். எத்தனை சிசி வாங்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் போகலாமா?

லோயர் கேம்ப்பில் வெயில் அடிக்கும். அங்கிருந்து ஏறிக் குமுளி போனால் கொட்டிக்கொண்டிருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இதுதான். நம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி, மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை முழுசாக இறங்கும். ஆகவே கம்பத்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழைக்கோட்டை ஏற்றம் தொடங்கும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள்.

போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் ரோடு இப்போது அகலமாக, வழுவழுப்பாக இருக்கிறது. அந்த ரோடுதான் எனக்கு இப்போது அதிகப் பயம் தருகிறது. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் பத்தடி தெரியாது, ரோடு மட்டும் வேகமாகப் போகச் சொல்லும். அந்த வழியில் வரும் கேப் ரோடு பக்கம் மண்சரிவு பல முறை நடந்திருக்கிறது. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏலத்தோட்டப் பாதைகளைப் பொறுத்தவரை, மழை விட்டு இரண்டு நாள் காயட்டும். ஈரச் செம்மண் டயரின் பள்ளத்தையெல்லாம் நிரப்பிவிடும். அதற்கப்புறம் எந்த டயரும் மொட்டை டயர்தான்.

கொண்டை ஊசி வளைவில் பெரிய வண்டியை எப்படித் திருப்புவது?

போடிமெட்டில் 17 கொண்டை ஊசிகள். ஒவ்வொன்றிலும் உள் ஓரம்தான் செங்குத்து. அங்கே நுழைந்தால் வண்டி நின்றுவிடும், நின்றால் சாயும். ரோட்டில் உங்கள் பாதிக்குள்ளேயே வெளிப்பக்கமாக அகலமாக நுழையுங்கள், வளைவின் முடிவைத் தலையைத் திருப்பிப் பாருங்கள். பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அதற்கு முழு ரோடும் வேண்டும். மலை ரோட்டில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் தோட்ட வேலைக்குப் போன ஜீப்புகள் வரிசையாக இறங்கும். அவர்களுக்கு வீடு திரும்பும் அவசரம். ஒதுங்கி நின்று விட்டுவிடுங்கள்.

மனைவியையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

தாரில் தாராளமாக. கிளம்பும் முன் பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை) ஏற்றுங்கள். வண்டியோடு வரும் கருவியிலேயே செய்யலாம். ஏற்றாவிட்டால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வளைவில் ஹேண்டில் லேசாகிவிடும். கனமான சாமான் கீழேயும் முன்னேயும் இருக்கட்டும். பின் பெட்டியில் மழைக்கோட்டு, துண்டு மாதிரி லேசானவை மட்டும். சரளைக்குப் போகிறவர்களுக்கு அலுமினியப் பெட்டியைவிடத் துணிப் பைதான் என் சிபாரிசு. விழும்போது கால் பெட்டிக்கு அடியில் சிக்கி எலும்பு முறிந்தவரை எனக்குத் தெரியும். மோசமான பகுதி வந்தால் மனைவியை இறங்கி நடந்து வரச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வாங்கிய பிறகு செலவு எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். 350 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022இல் நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 2,804 ரூபாய். புது வண்டிக்கு இதை ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும்.

ஆனால் பலர் கணக்குப் போடாமல் விடுவது டயரும் செயினும். மலையிலும் சரளையிலும் ஓடும் வண்டிக்குப் பின் டயர் சீக்கிரம் தேயும். 800 சிசி வண்டிக்கு டயர் மாற்றிய அன்று, 411க்கு இரண்டு செட் டயர் போட்டிருக்கலாமே என்று தோன்றியது. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே, துடைத்து எண்ணெய் போடுங்கள். கோடையில் தோட்டப் பாதைத் தூசு ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் திறந்து பாருங்கள். பெட்ரோலை நம் பக்கமே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள், கேரளத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல்.

கட்டப்பனையில் பழைய கேரள வண்டி மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், விலையோடு வரியையும் கூட்டிப் பாருங்கள். அங்கே பதிவு செய்த ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்தால் அதை அடைத்து ஆர்சியில் நீக்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது இங்கே வரி கட்ட வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அலைச்சல் இருக்கும். சான்று கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

வண்டியைப் பார்க்கும்போது கீழே படுத்துப் பாருங்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகட்டில் கீறல் இருந்தால் பரவாயில்லை, அது அதன் வேலை. எஞ்சின் உடம்பிலேயே அடி இருந்தால் விட்டுவிடுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி ரிம் நெளிந்திருக்கிறதா, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பி நடுவில் எங்காவது தட்டுகிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயின் செட் செலவு உங்கள் தலையில்.

சர்வீஸுக்கு எங்கே போவது? கையில் என்ன வைத்துக்கொள்வது?

400, 450 வண்டிகளுக்கு நம் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது. பெரிய வெளிநாட்டு வண்டி என்றால் மதுரை, கோயம்புத்தூர், கொச்சி. மதுரையே நூறு கிலோமீட்டருக்கு மேல். சின்னப் பாகம் ஒன்றுக்காக என் 800 ஐந்து வாரம் ஷெட்டில் நின்றது. பிரேக் லீவர், கிளட்ச் லீவர் தலா ஒன்று, பஞ்சர் பிளக் செட், பம்ப், காற்றழுத்த மானி, செயின் இணைப்பு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி. இவ்வளவும் ஒரு சின்னப் பையில் அடங்கும்.

காட்டுக்குள் பைக் ஓட்டலாமா? யானை வந்தால்?

காட்டுப் பாதையில் ஓட்டக் கூடாது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போய்வாருங்கள். தோட்டப் பாதைகளும் யாரோ ஒருவருடைய நிலம். கங்காணியிடமோ வாசலில் இருப்பவரிடமோ கேட்டுவிட்டு நுழைந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஏலச்செடிக்குப் பக்கத்தில் புழுதி கிளப்பாமல் மெதுவாகப் போங்கள்.

யானை நமக்குக் கதை இல்லை. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் 2023 மே 27 அன்று கம்பம் தெருவுக்குள்ளேயே ஓடியதை நாம் பார்த்தோம். ஜூன் 5 அன்று பிடித்து முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே பூப்பாறை, சின்னக்கானல் பக்கம் இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். ரோட்டில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், எஞ்சினை முறுக்க வேண்டாம், போட்டோ வேண்டாம். வண்டியைத் திருப்ப இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய பைக்கைக் குறுகிய ரோட்டில் திருப்ப நேரமாகும், ஆகவே அந்த முடிவைச் சீக்கிரம் எடுக்க வேண்டும்.

எல்லை தாண்ட என்ன காகிதம்?

வழக்கமான ஆர்சி, லைசென்ஸ், காப்பீடு, புகைச் சான்று. தமிழ்நாட்டு வண்டியோடு சுற்றிவருவதற்கு வேறெதுவும் வேண்டாம். ஒரே மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவு. கேரளத்தில் 2023 ஜூன் முதல் கேமரா வைத்தும் அபராதம் போடுகிறார்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

வண்டி வந்துவிட்டது. முதலில் எங்கே பழகுவது?

மலைக்குப் போகாதீர்கள். திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு வழியாகப் போகும் ஒரு சமதள மண்பாதையைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்குங்கள். காலை ஆறு மணிக்குப் போங்கள், ஆடு மாடு வருவதற்குள். முதல் கியரில், நின்றபடி, நடக்கும் வேகத்தில் நூறு அடி போங்கள். அப்புறம் எட்டு வடிவத்தில் சுற்றுங்கள். அப்புறம் இருபது வேகத்தில் போய்ப் பின் பிரேக்கை மட்டும் அழுத்திச் சக்கரத்தை வழுக்க விட்டு, அந்த வழுக்கல் எப்படி இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியப்படுத்துங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை இதையே செய்யுங்கள். ஐந்தாவது ஞாயிறு கம்பம்மெட்டு ஏறலாம். கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.